பைக்கற் விதையும் வீட்டுத்தோட்ட நாடகமும்

ஆண்டுதோறும் மழைக்காலம் நெருங்கும்போது யாழ்ப்பாணத்தில் ஒரு சடங்கு நடக்கிறது. ஒரு பொதுமண்டபம், ஒரு பதாகை, மாலையணிந்த விருந்தினர் நால்வர், வரிசையில் நிற்கும் குடும்பப் பெண்கள். ஒவ்வொருவர் கையிலும் ஐந்தாறு வண்ணப் பைக்கற்றுகள். மறுநாள் பத்திரிகையில் படம் வரும்; "வீட்டுத்தோட்டத்தை ஊக்குவிக்கும் வேலைத்திட்டம்" என்று தலைப்பு வரும். பல ஆண்டுகள் செய்தி மேசையில் இருந்தவன் நான். இத்தகைய படங்கள் எத்தனை என் மேசையைக் கடந்து சென்றன என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் அந்த விதைகள் முளைத்தனவா, காய்த்தனவா, அடுத்த போகத்துக்கு அவற்றிலிருந்து ஒரு பிடி விதையாவது மிஞ்சியதா என்று கேட்டு வந்த செய்தி ஒன்றைக்கூட நான் கண்டதில்லை.

என் வாதம் எளிமையானது. விதையைக் கையில் கொடுத்துவிட்டு, நாற்றுப் போடும் அறிவையும் அடுத்த ஆண்டுக்கு விதை எடுக்கும் வழியையும் கொடுக்காத எந்தத் திட்டமும் வீட்டுத்தோட்டத் திட்டமன்று. அது விதை வியாபாரத்துக்குப் பொதுப்பணத்தில் செய்யப்படும் விளம்பரம்.

வெள்ளிக்கிழமை விவசாயம்

2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாடு கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்த வேளை. எரிபொருள் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்டு கிடந்தன. அப்போது அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை. வீட்டில் பயிர் செய்யுங்கள். இந்த ஏற்பாடு மூன்று மாதங்களுக்கு.

மிளகாய் விதை முளைக்க ஒரு வாரத்துக்கு மேலாகும். நாற்றுமேடையில் அது நான்கு, ஐந்து வாரங்கள் இருக்க வேண்டும். நட்ட பின்னர் முதற் காயைப் பறிக்க இன்னும் இரண்டு மாதங்களுக்கு மேலாகும். முதல் வெள்ளிக்கிழமையே விதை போட்டவருக்குக்கூட, காய் பறிக்கும் முன்னரே விடுமுறை முடிந்துவிடும். இந்தக் கணக்கை எந்தக் கமக்காரனும் விரல்விட்டுச் சொல்லியிருப்பான். யாரும் கேட்கவில்லை. அதற்கு ஓராண்டு முன்னர், 2021 மே மாதத்தில், இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வீச்சில் தடைசெய்து, நவம்பரில் அந்தத் தடையைக் கைவிட்டதும் இதே ஆட்சிதான். மண்ணையும் பருவத்தையும் வர்த்தமானி அறிவித்தலால் ஆளலாம் என்று நம்பியவர்களின் காலம் அது.

அந்த நெருக்கடியிலிருந்து நாம் கற்றிருக்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. இலங்கையில் விற்பனையாகும் கலப்பின மரக்கறி விதைகளில் பெரும்பகுதி கப்பலிலும் விமானத்திலும் வருகிறது. டொலர் இல்லையென்றால் எரிபொருள் மட்டுமல்ல, விதையும் இல்லை. வீட்டுக் கத்தரிச் செடியும் அந்நியச் செலாவணியில் தொங்கிக்கொண்டிருக்கும் நாட்டில் "உணவுத் தன்னிறைவு" என்று மேடையில் முழங்குவது வெட்கக்கேடு.

பைக்கற்றுக்குள் இருப்பது என்ன?

கலப்பின விதை நஞ்சு என்றும், அதை உண்டால் நோய் வரும் என்றும் பரப்பும் கூட்டத்தில் நான் இல்லை. கலப்பினம் வேறு, மரபணு மாற்றம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கி அச்சமூட்டுவது அறியாமை. தூய பெற்றோர் வரிகள் இரண்டைக் கலந்து பெறும் முதல் தலைமுறைதான் கலப்பினம். அது ஒரே சீராக வளரும். பெரும்பாலும் கூடுதலாகக் காய்க்கும். சில நோய்களைத் தாங்கும். கடன் வாங்கித் தோட்டம் செய்து சந்தைக்கு மரக்கறி அனுப்பும் நீர்வேலிக் கமக்காரன் அதை விரும்பி வாங்குவதில் நியாயமுண்டு. அவனுக்கு நான் உபதேசம் செய்யப் போவதில்லை.

ஆனால் அந்தச் செடியின் விதையை எடுத்து மீண்டும் போட்டால் தாய்ச்செடி திரும்பிவராது. இரண்டாம் தலைமுறையில் குணங்கள் பிரிந்துவிடும். ஒன்று நெட்டையாகும், ஒன்று குட்டையாகும். ஒன்று காய்க்கும், மற்றொன்று ஏமாற்றும். ஆகவே அடுத்த ஆண்டும் கடைக்குப் போக வேண்டும். சந்தைக் கமக்காரனுக்கு இது தொழிற்செலவு. வளவுக்குள் பத்துக் கத்தரிக் கன்று வைக்கும் குடும்பத்துக்கோ இது என்றென்றைக்குமான தங்கிவாழ்தல். அந்தக் குடும்பத்துக்குக் கலப்பின விதையை இலவசமாகக் கொடுப்பவர் தர்மம் செய்யவில்லை. ஒரு வாடிக்கையாளரை உருவாக்குகிறார்.

இதற்கு மாற்று இல்லையா? உண்டு, நம் காலடியிலேயே உண்டு. விவசாயத் திணைக்களத்தின் சிபாரிசுப் பட்டியலில் "திருநெல்வேலி ஊதா" என்றொரு கத்தரி இனம் இருக்கிறது. "திருநெல்வேலி வெள்ளை" என்றொரு பாகல் இனமும் இருக்கிறது. தமிழக வாசகர்கள் குழம்ப வேண்டாம். இது யாழ் நகரை அடுத்துள்ள, பேச்சுவழக்கில் நாம் தின்னவேலி என்று சொல்லும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அமைந்த எங்கள் ஊர். இவை கலப்பினங்கள் அல்ல. ஒருமுறை வாங்கினால், கவனமாக விதை எடுப்பவர் மறுமுறை வாங்க வேண்டியதில்லை. மேடைகளில் "மண்ணின் மைந்தர்" என்று மார்தட்டும் எத்தனை பேர், தம் ஊரின் பெயரைத் தாங்கிய கத்தரிக்காயை அறிவர்?

பனியில் முளைப்பது வெயிலில் முளையாதா?

புலம்பெயர்ந்த வாசகர்கள் அடுத்ததைத் தம் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரொறன்ரோவில் உறைபனி ஒழிய மே மாதத்தின் நடுப்பகுதி ஆகிவிடும். அங்குள்ள தமிழ்த் தாய்மார் அதுவரை காத்திருப்பதில்லை. மார்ச் மாதத்திலேயே சிறு தட்டுகளில் மிளகாய், கத்தரி, தக்காளி விதைகளைப் போட்டு, வீட்டுக்குள் சூடேற்றியின் அருகிலோ வெயில்படும் யன்னலோரத்திலோ வைத்துவிடுகிறார்கள். வெளியே பனி கொட்டும். உள்ளே கன்று வளரும். அந்தத் தட்டுகளை நிரப்பும் தும்புச்சோறு பல வேளைகளில் இலங்கையிலிருந்து கட்டியாக்கி ஏற்றுமதி செய்யப்பட்டதாகவே இருக்கும். நம் தென்னந்தும்பின் துகளில் கனடாவில் கன்று முளைக்கிறது. தென்னை நிற்கும் வளவிலோ "கன்று எங்கே வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் உறைபனி இல்லை. ஆனால் நாற்றுக்குக் கூரை தேவைப்படும் காலம் இங்கும் உண்டு. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையான வாரங்களில் கொட்டித் தீர்க்கிறது. மார்கழியிலோ தையிலோ கன்று நட விரும்புபவர் கார்த்திகையில் விதை போட்டாக வேண்டும். அதுதான் பெருமழையும் புயலும் வரும் மாதம். 2008 நவம்பரில் நிஷா, 2024 நவம்பரில் பெருவெள்ளம், 2025 நவம்பரில் டித்வா. திறந்த வெளியில் போட்ட நாற்று ஓரிரவில் அள்ளுண்டு போகும். எனவே விறாந்தையும் தாழ்வாரமுமே நமக்குரிய நாற்றுச்சாலைகள்.

இதற்குப் பணம் தேவையில்லை. அடியில் துளையிட்ட சிரட்டை அல்லது பழைய பேசின். மேல்மண், உக்கிய மாட்டெரு, மணல் ஆகியவை சம அளவில். விதை ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் ஆழம் போகக்கூடாது. முளைக்கும்வரை வைக்கோலால் மூடி, முளை தெரிந்த அன்றே மூடியதை எடுத்துவிட வேண்டும். காலை வெயில் பட வேண்டும். கூரைத் தண்ணீர் சொட்டக்கூடாது. நாற்றுகளைக் கொல்வதில் முதலிடம் பஞ்சத்துக்கல்ல, அளவு மீறிய தண்ணீருக்கே. ஈரம் தேங்கினால் பூஞ்சணம் பற்றித் தண்டு அடியோடு அழுகிச் சாய்ந்துவிடும். நிலத்தில் மேடை போடுவோர் அதன்மீது வைக்கோலும் உமியும் பரப்பி எரிப்பது மண்ணிலுள்ள இந்தப் பூஞ்சணத்தை ஒழிக்கத்தான். வெண்டி, பயிற்றை, பூசணி, புடோல் போன்றவற்றுக்கு இந்தச் சிரமமே இல்லை. நேரே குழியில் ஊன்றிவிடலாம்.

விதை எடுப்பதும் அப்படித்தான். நோயற்ற நல்ல செடியில் ஒரு காயைப் பறிக்காமல் முற்றிப் பழுக்க விட வேண்டும். கத்தரியானால் மஞ்சளாகும்வரை பொறுத்து, பிசைந்து கழுவி, நீரில் அமிழும் விதையை மட்டும் எடுத்து நிழலில் உலர்த்தி, விறகுச் சாம்பல் கலந்து போத்தலில் இறுக மூடி வைத்தால் போதும். பூசணி வகைகள் அயல்வளவுப் பூவோடு கலந்துவிடும். அவற்றுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். நம் பாட்டிமார் இவற்றையெல்லாம் எவரது செயலமர்விலும் கற்கவில்லை.

காணி திரும்பலாம், விதை?

1990க்குப் பின்னரான பொருளாதாரத் தடைக் காலத்தை அனுபவித்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஏதுமில்லை. யூரியா இல்லை, எரிபொருள் இல்லை, மின்கலம் இல்லை. பத்திரிகைத் தாள் கிடையாமல் கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் நாம் செய்தி அச்சிட்ட காலம். நீரிறைக்கும் இயந்திரம் ஓய்ந்த தோட்டங்களில் மீண்டும் துலா எழுந்தது. அந்த நாட்களில் வளவுக்குள் கீரையும் கத்தரியும் முருங்கையும் மரவள்ளியும் இருந்த வீடுகளில் அடுப்பு எரிந்தது. விதை வீட்டிலேயே இருந்தது என்பதே அதன் இரகசியம்.

யுத்தம் அழித்தவற்றைப் பட்டியலிடும் நாம் விதையைச் சேர்ப்பதில்லை. வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் வெளியேறினர். அவர்களுடைய செம்மண் காணிகளில் ஒரு பகுதி இரண்டு, மூன்று தசாப்தங்கள் கழித்தே துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டது. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து நடந்தது. காணிக்கு உறுதி உண்டு. வழக்குப் போடலாம், போராடலாம், திரும்பப் பெறலாம். கத்தரி, மிளகாய் விதைகளோ நம் ஈரப்பதமான காலநிலையில் ஓரிரு ஆண்டுகளிலேயே முளைதிறனை இழக்கத் தொடங்கிவிடும். ஆண்டுதோறும் போட்டு, ஆண்டுதோறும் எடுத்தால்தான் அது உயிரோடு இருக்கும். அகதி முகாமில் கழிந்த ஐந்தாண்டு ஒரு குடும்பத்தின் விதைத் தொடர்ச்சியை அறுக்கப் போதும். போர் அறுத்ததை மீண்டும் முடிய வேண்டிய இடத்தில்தான் நாம் வண்ணப் பைக்கற்றை நீட்டுகிறோம்.

ஆகவே சில கோரிக்கைகள். கன்னொறுவையில் 1988 முதல் இயங்கும் தாவர மரபணு வள நிலையத்தின் குளிரறைகளில் நாட்டின் மரபின விதைகள் பேணப்படுகின்றன. வடக்கில் சேகரிக்கப்பட்டவை எவை என்பதைக் கண்டறிந்து அவற்றைப் பெருக்கி மக்களிடம் மீளக் கொண்டுவர வடமாகாண விவசாயத் துறை முயல வேண்டும். வீட்டுத்தோட்டத்துக்கென வழங்கும் விதை மறுமுறை போடத்தக்கதாக மட்டுமே இருக்க வேண்டும் என்று மாவட்டச் செயலகம் நிபந்தனை விதிக்கலாம். பாடசாலைகள் தோறும் ஒரு நாற்றுமேடையும் ஒரு விதைப் பேழையும் வைக்கலாம்.

ஊர்ச் சங்கங்களுக்குப் பணம் அனுப்பும் புலம்பெயர்ந்த உறவுகளுக்கு ஒரு சொல். பைக்கற் விநியோகத்துக்கும் பதாகைக்கும் பணம் தராதீர்கள். "சென்ற முறை கொடுத்ததிலிருந்து எத்தனை வீட்டில் விதை எடுத்தார்கள்?" என்று முதலில் கேளுங்கள். பதில் வரும்வரை காசோலையை மேசையிலேயே வைத்திருங்கள்.

ஊரிலுள்ளோருக்கு நான் சொல்வது இன்னும் குறைவு. இந்தப் போகத்தில் ஒரு கத்தரிக்காயைக் கறிக்குப் பறிக்காமல் செடியிலேயே பழுக்க விடுங்கள். அதன் விதையில் பாதியை உங்கள் போத்தலில் வையுங்கள். மீதியை வேலிக்கு அப்பாலுள்ள வீட்டாருக்குக் கொடுங்கள். அந்தக் கைமாற்றத்துக்குப் பதாகை வேண்டியதில்லை. பிரதம விருந்தினரும் வேண்டியதில்லை.