பதினாறில் பட்டாபிஷேகம், பதினெட்டில் கருமாதி

கால்பந்து ரசிகர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. இளம் வயதில் ஒரு பையனை வெளிநாட்டுப் பெரிய கிளப் வாங்கிவிட்டால் அவன் ஜெயித்துவிட்டான். அதே கிளப் அவனை லோனில் இன்னோர் அணிக்கு அனுப்பிவிட்டால் அவன் தீர்ந்தான். விவரம் தெரியாதவர்கள் மட்டும் இப்படிப் பேசுவதில்லை. டிவியில் கோட்டு போட்டு உட்கார்ந்து அலசுகிறவர்களும் பேசுகிறார்கள். பத்திரிகைகள் தலைப்பாகவே போடுகின்றன. ஏஜென்டுகள் இதை வைத்து வியாபாரம் செய்கிறார்கள். இந்த நம்பிக்கையின் இரண்டு பாதியும் தவறு. நடுக்கள ஆட்டக்காரர்கள் விஷயத்தில் இதை அபத்தம் என்றே சொல்வேன்.

மார்ட்டின் ஓடெகார்டை எடுத்துக்கொள்ளுங்கள். நார்வேயின் டிராமென் நகரத்துப் பையன். அப்பா ஹான்ஸ் எரிக்கும் நடுக்களத்தில் ஆடியவர்தான். 2014 ஏப்ரலில், 15 வயதில், உள்ளூர் கிளப்பான ஸ்ட்ரோம்ஸ்கோட்செட்டுக்காக நார்வேயின் முதல் டிவிஷனில் இறங்கினார். ஆகஸ்டில் தேசிய அணி. அக்டோபரில் பல்கேரியாவுக்கு எதிராக ஆடியபோது, ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இறங்கியவர்களிலேயே மிக இளையவர் என்று பெயர் வாங்கினார். அப்பாவும் மகனும் கிளப் கிளப்பாகப் போய்ப் பார்த்தார்கள். கடைசியில் 2015 ஜனவரியில் ரியல் மாட்ரிட். 18 நிரம்பாத வீரரை நாடு விட்டு நாடு மாற்றுவதற்கு ஃபிஃபா விதி தடை போடுகிறது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்குள் மட்டும் 16 வயதில் விலக்கு உண்டு. ஓடெகார்டுக்கு 2014 டிசம்பரில்தான் 16 நிரம்பியது. விதியின் கதவு திறந்த மறுமாதமே உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

அதை உலகமே வெற்றி என்று கொண்டாடியது. என்ன வெற்றி? அப்போதைய பயிற்சியாளர் கார்லோ ஆன்செலோட்டி பின்னாளில் தன் புத்தகத்தில், இது கிளப் தலைவர் ஃப்ளோரென்டினோ பெரெஸின் முடிவு என்றும், பையனை முதல் அணியில் இறக்குவது விளம்பர ஏற்பாடு என்றும் பொருள்படவே எழுதினார். 2015 மே 23-ஆம் தேதி, கெடாஃபேக்கு எதிராக, கிறிஸ்டியானோ ரொனால்டோ வெளியேற, ஓடெகார்ட் உள்ளே வந்தார். ரியலின் வரலாற்றிலேயே மிக இளைய வீரர். படம் எல்லா நாட்டுப் பத்திரிகைகளிலும் வந்தது. பிறகு அவருக்குக் கிடைத்தது ஸ்பெயினின் மூன்றாம் டிவிஷனில் ஆடிய இரண்டாம் அணியான காஸ்டியா. பயிற்சி பெரும்பாலும் நட்சத்திரங்களோடு. வார இறுதி ஆட்டம் காஸ்டியாவோடு. இரண்டு வீட்டிலும் விருந்தாளி, எந்த வீட்டிலும் பிள்ளையில்லை.

நடுக்களத்தில் ஆடுகிறவருக்கு இதைவிடப் பெரிய கெடுதல் இல்லை. விங்கருக்குப் பக்கவாட்டுக் கோடு ஒரு சுவர் மாதிரி. அந்தப் பக்கமிருந்து யாரும் வந்து பந்தைப் பறிக்கப்போவதில்லை. வேகம் இருந்தால் 18 வயதிலேயே பேர் வாங்கிவிடலாம். நடுவில் நிற்பவருக்கு எதிராளி எந்தத் திசையிலிருந்தும் வரலாம். பந்து காலுக்கு வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் திரும்பி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து வைத்திருக்க வேண்டும். இப்படி அடிக்கடி திரும்பிப் பார்க்கிறவர்களின் பாஸ்களே அதிகம் சரியாகப் போய்ச் சேர்கின்றன என்று நார்வே பேராசிரியர் கெய்ர் யோர்டெட் ஆய்ந்து காட்டியிருக்கிறார். ஆனால் பார்த்தால் மட்டும் போதாது. இந்த விங்கர் உள்ளே வெட்டி ஓடுவாரா, கோட்டை ஒட்டியே போவாரா? அந்த முன்கள வீரருக்குப் பந்து காலுக்கு வேண்டுமா, முன்னால் உள்ள வெற்றிடத்தில் வேண்டுமா? பின்கள வீரர் தெரியாத மொழியில் கத்துவது என்ன? இதெல்லாம் ஒரே பத்துப் பேரோடு வாராவாரம் 90 நிமிடம் ஆடினால்தான் உடம்பில் ஏறும். பயிற்சி மைதானத்தில் ரியலின் நடுக்கள நட்சத்திரம் மோட்ரிச்சை அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதால் ஏறாது.

2017 ஜனவரியில் ரியல் அவரை நெதர்லாந்தின் ஹீரன்வேன் கிளப்புக்கு லோனில் அனுப்பியது. வயது 18. வந்தன இரங்கல் கட்டுரைகள்: அதிசயச் சிறுவனுக்கு என்ன ஆயிற்று, அவசரப்பட்டுவிட்டாரா, வாய்ப்பைக் கோட்டைவிட்டாரா. எழுதியவர்கள் கொஞ்சம் நிதானமாக அந்த நேரத்து ரியல் நடுக்களத்தைப் பார்த்திருக்கலாம். லூகா மோட்ரிச், டோனி குரோஸ், காசிமிரோ. 2016 முதல் 2018 வரை தொடர்ந்து மூன்று சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளை அந்த அணிக்கு வாங்கித் தந்த மூவர். இந்த மூவருமே இளம் வயதில் லோனில் போனவர்கள்! மோட்ரிச்சை 2003-இல், 18 வயதில், குரோஷியாவின் டினாமோ ஸாக்ரெப் பக்கத்து நாடான போஸ்னியாவின் ஸ்ரின்ஸ்கி மோஸ்டாருக்கு அனுப்பியது. குரோஸை பயர்ன் மியூனிக் 2009-இல் லெவர்குசனுக்கு அனுப்பியது. காசிமிரோவை இதே ரியல்தான் 2014-இல் போர்ட்டோவுக்கு அனுப்பியது. பதினெட்டு வயதுப் பையன் இவர்களைத் தாண்டி உள்ளே போகவில்லை என்பதற்காக அவன் தோற்றான் என்று சொன்னவர்கள், இவர்கள் எங்கே போய்த் தேறினார்கள் என்பதைப் பற்றி மூச்சுவிடவில்லை. சில மாதங்கள் கழித்து அதே ரியல் ஃபெடெரிகோ வால்வெர்டேயை டெபோர்டிவோ லா கொருன்யாவுக்கு அனுப்பியது. திரும்பி வந்தவர் அணியின் தூண் ஆகிவிட்டதால், அவருடைய லோனை இன்று யாரும் தோல்வி என்று சொல்வதில்லை. முடிவைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுவது சுலபம்தான்.

ஹீரன்வேனில் ஓடெகார்ட் ஒன்றும் ஜொலித்துவிடவில்லை. ஆனால் ஆடினார். அடுத்து ஆர்ன்ஹெம் நகரத்தின் விட்டெஸ்ஸில் 2018-19 லீக் சீசனில் 31 ஆட்டங்கள், 8 கோல்கள். அடுத்த ஆண்டு ஸ்பெயினின் ரியல் சோசியடாட். அங்கும் 31 லீக் ஆட்டங்கள், 2019 செப்டம்பரில் லா லீகாவின் மாதச் சிறந்த வீரர் விருது. 2020 பிப்ரவரியில், ஸ்பெயின் கோப்பைக் காலிறுதியில், ரியலின் சொந்த பெர்னபேவு மைதானத்திலேயே முதல் கோலை அடித்தார். சோசியடாட் 4-3 என்று ஜெயித்தது. அந்தக் கோடையில் ரியல் அவரைத் திரும்ப அழைத்து மறுபடி பெஞ்சில் உட்காரவைத்தது. 2021 ஜனவரியில் லண்டனின் ஆர்சனலுக்கு லோன். ஆகஸ்டில் சுமார் 3 கோடி பவுண்டுக்கு நிரந்தரமாக. 22 வயதில் நார்வே கேப்டன், 23 வயதில் ஆர்சனல் கேப்டன், 2022-23 பிரீமியர் லீகில் 15 கோல்.

உடனே நம் இரங்கல் எழுத்தாளர்கள் கதையை மாற்றினார்கள்: ரியலில் வீழ்ந்தவர் ஆர்சனலில் மீண்டெழுந்தார். விழுந்திருந்தால்தானே எழுவதற்கு? ஆறரை ஆண்டில் ரியலின் முதல் அணிக்காக அவர் ஆடியது மொத்தம் 11 ஆட்டங்கள். அவ்வளவை வைத்து ஒருவரை ஜெயித்தார் என்றும் சொல்ல முடியாது, தோற்றார் என்றும் சொல்ல முடியாது. ஹீரன்வேனிலிருந்து லண்டன் வரை ஒரே கோடாகத்தான் அவர் வளர்ந்திருக்கிறார். மாட்ரிட்டிலும் லண்டனிலும் மட்டும் நின்று பார்த்தவர்களுக்கு நடுவில் இருந்த நெதர்லாந்து தெரியவில்லை.

லோன் என்றாலே நல்லது என்று வாதிடவும் நான் வரவில்லை. செல்சி ஒரு காலத்தில் ஒரே சீசனில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களை லோனில் விட்டுவைத்தது. அதில் வளர்ப்பை விட வியாபாரமே அதிகம். இப்படிச் சேர்த்துக் குவிப்பதைத் தடுக்கத்தான் 2022-இல் ஃபிஃபா சர்வதேச லோன்களுக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது. 14 வயதில் தொழில்முறை ஆட்டக்காரராகி, அடுத்த பெலே என்று அழைக்கப்பட்ட அமெரிக்கர் ஃப்ரெடி அடு, 2007-இல் போர்ச்சுகலின் பென்ஃபிகாவுக்கு வந்த பின் மொனாக்கோ, பெலெனென்செஸ், கிரீஸின் ஆரிஸ், துருக்கியின் ரிசெஸ்போர் என்று லோனிலேயே சுற்றினார். முதல் லோனே பெஞ்சில் கழிந்தது. பெரிய கிளப்பின் பெஞ்சிலிருந்து இன்னொரு கிளப்பின் பெஞ்சுக்கு மாறினால் ஊர்தான் மாறும். நடுக்கள வீரர் நூரி சாஹின் கதை வேறு வகை: 2011-இல் டோர்ட்மண்டுக்கு லீக் பட்டம் வாங்கித் தந்த கையோடு ரியலுக்குப் போனார், காயத்தோடு போராடினார், லீகில் நான்கே ஆட்டம். கிளப்பின் பெயர் அவருக்கு என்ன கொடுத்தது?

இப்போது அர்தா குலெர். 2023-இல் 18 வயதில் துருக்கியின் ஃபெனர்பாசேயிலிருந்து ரியலுக்கு வந்தவர். வந்ததும் முழங்கால் காயம், அடுத்த முழு சீசனும் பெரும்பாலும் கடைசி நிமிட மாற்று வீரர். பெரிய இடத்துக்குச் சீக்கிரம் போய்க் கெட்டார் என்ற பழைய பல்லவி கேட்கத் தொடங்கியது. 2025 கோடையில் ஷாபி அலோன்சோ பயிற்சியாளராக வந்தார். பையனை நடுக்களத்தில் கொஞ்சம் கீழே இறக்கி, தொடர்ந்து ஆடவும் விட்டார். மிலானுக்குப் போய்விட்ட மோட்ரிச்சின் வாரிசு இவர்தான் என்று பேச்சு எழுந்தது. மோட்ரிச் ரியலுக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 26. முதல் ஆறு மாதம் முடிவதற்குள், அந்த சீசனின் மிக மோசமான வாங்கல் அவர்தான் என்று மாட்ரிட்டின் மார்கா பத்திரிகை வாசகர்கள் வாக்களித்திருந்தார்கள்.