பிள்ளைக்குச் சட்டை எடுக்க எந்தக் கடைக்குப் போகலாம்?

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே மதுரை வீடுகளில் ஒரு பட்டிமன்றம் ஆரம்பித்துவிடும். பிள்ளைகளுக்குத் துணி எடுக்கப் பெரிய கடைக்குப் போவதா, விளக்குத்தூண் பக்கம் போவதா? அப்பா ஏசி கட்சி. பாட்டி மாசி வீதி கட்சி. அம்மா, பட்ஜெட் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். பிள்ளைகளின் கட்சி மட்டும் தெளிவாக இருக்கும்: எஸ்கலேட்டர் எங்கே இருக்கிறதோ அங்கே! இந்தப் பட்டிமன்றத்துக்கு நடுவர் கிடையாது. பெரும்பாலும் கார் நிறுத்த எங்கே இடம் கிடைக்கும் என்ற கேள்விதான் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

சின்னக் கடைகளுக்காகப் பேசுகிறவர்கள் பொதுவாக ஒரே ராகத்தில்தான் பேசுகிறார்கள். "பாவம் அவங்க, ஏழை வியாபாரிங்க, நாமதான் ஆதரிக்கணும்" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பரிதாபப்பட்டு யாரும் ரெண்டாவது தடவை சட்டை வாங்க மாட்டார்கள். பரிதாபத்தை வைத்து ஒரு கடையை ஒரு தீபாவளிக்கு ஓட்டலாம், மறு தீபாவளிக்கு ஓட்ட முடியாது. ஆகவே பரிதாபத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்பது நல்லது. அதில் பிள்ளையின் கணக்கு ஒன்று, கடைக்காரரின் கணக்கு ஒன்று.

பிள்ளையின் கணக்கு

பெரிய கடையில் ஒரு எட்டு வயசுப் பையன் என்ன பார்க்கிறான்? 499, 799, 999 என்று அட்டைகள். விலை என்பது யாரோ எங்கேயோ அச்சடித்த எண். அதைக் கேள்வி கேட்க முடியாது. பில் போடும் இடத்தில் அவன் கண் உயரத்துக்கு மிட்டாயும் சின்னச் சின்னப் பொம்மைகளும் அடுக்கியிருக்கும். அது தற்செயலாக நடப்பதில்லை. வரிசையில் நிற்கும் அந்த ஐந்து நிமிஷத்தில் பிள்ளை அடம் பிடிக்கும், பின்னால் நிற்பவர்கள் பார்க்கிறார்களே என்று அப்பா வாங்கித் தந்துவிடுவார். வணிகவியல் புத்தகத்தில் இதற்குத் 'திட்டமிடாத கொள்முதல்' என்று பெயர். வாங்குபவர்தான் திட்டமிடவில்லை, கடைக்காரர் நன்றாகவே திட்டமிட்டிருக்கிறார்! விளையாட்டுப் பகுதி இருந்தால் இன்னும் சுலபம். ரூபாயை ஒரு அட்டையில் ஏற்றிக் கொடுத்துவிடுவார்கள். அட்டையைத் தேய்க்கும் பிள்ளைக்குப் பணம் செலவாவதே தெரியாது.

அதே பையனை மாசி வீதியில் பத்துக்குப் பத்து கடை ஒன்றுக்குக் கூட்டிப் போனால் கதை வேறு. "தம்பி, கையத் தூக்கு பாப்போம்" என்று கடைக்காரர் சட்டையை முதுகில் வைத்து அளவு பார்ப்பார். "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசா எடுங்கக்கா" என்பார். அம்மா துணியைக் கசக்கிப் பார்த்து "சாயம் போகுமா?" என்று கேட்பாள். தையலை உள்பக்கம் திருப்பிப் பார்ப்பாள். அப்புறம் விலை.

"கடைசி விலை சொல்லுங்கண்ணே."

"கட்டுப்படியாகாதுக்கா, அசலே அம்புட்டு வருது."

நாலு எட்டு நடந்ததும் பின்னாலிருந்து குரல் வரும். "சரி, வாங்கக்கா, உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம்..." :-)

இதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் பிள்ளை என்னவெல்லாம் கற்றுக்கொள்கிறது என்று யோசித்துப் பாருங்கள். விலை என்பது இரண்டு பேர் பேசி வந்து சேரும் இடம். பொருளுக்கு அசல் என்று ஒன்று உண்டு, அதற்குக் கீழே இறங்கினால் எதிரில் இருப்பவருக்கு நஷ்டம். தரம் பார்க்கக் கண்ணும் கையும் வேண்டும். 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு நடக்கவும் தெரிய வேண்டும். பி.காம் முதல் வருஷத்தில் இதையெல்லாம் படத்தோடு போதிக்கிறார்கள். எட்டு வயசில் இலவசமாகக் கிடைப்பதை எதற்கு விட வேண்டும்?

கடைக்காரரின் கணக்கு

சிறிய ரெடிமேட் கடைக்கு வருஷத்தில் சீசன் என்று சொல்ல மூன்று நான்குதான். தீபாவளி, பொங்கல், பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன், முகூர்த்த மாதங்கள். இவற்றில் தீபாவளிதான் பெரியது. அதற்கான சரக்கை முன்கூட்டியே ஈரோடு, திருப்பூர் என்று போய் எடுத்து வர வேண்டும். பிள்ளைகள் துணியில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மொத்த வியாபாரி பெரும்பாலும் செட்டாகத்தான் தருவார். ஒரு டிசைன் எடுத்தால் எல்லா சைஸும் சேர்த்து எடுக்க வேண்டும். நடு சைஸ் போய்விடும், ஓரத்து சைஸ்கள் தங்கிவிடும். அடுத்த வருஷம் அந்த டிசைனை எந்தப் பிள்ளையும் திரும்பிக்கூடப் பார்க்காது. தங்கிய சரக்கு என்பது அலமாரியில் தூங்கும் பணம்.

அந்தப் பணமும் பெரும்பாலும் சொந்தப் பணம் இல்லை. ஒரு உதாரணம் பார்க்கலாம். ஒருவர் 2 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு எடுக்க இரண்டு வட்டிக்குக் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாசம் 4,000 ரூபாய் வட்டி. பண்டிகைக்குள் சரக்கு போனால் இரண்டு மாசத்தில் 8,000 ரூபாயோடு முடிந்தது. போகாமல் பொங்கல் வரை இழுத்தால் லாபத்தை வட்டி தின்றுவிடும். அதிலும் தீபாவளி வருவது வடகிழக்குப் பருவமழையை ஒட்டி. பண்டிகைக்கு முந்தின வாரம் மூன்று நாள் சாயங்காலம் மழை பெய்தால் பெரிய கடைக்குள் இருப்பவர்களுக்கு மழை பெய்ததே தெரியாது. விளக்குத்தூணில் தார்ப்பாய் விரித்து நைட்டியும் பிள்ளைகள் கவுனும் விற்பவருக்கு அந்த வருஷமே போச்சு.

தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலேயே வந்துவிட்டது. தெரு வியாபாரிகளைப் பாதுகாக்க 2014இல் மத்தியச் சட்டம் வந்தது. கொரோனா காலத்தில், 2020இல், தெருவோர வியாபாரிகளுக்கென்று பி.எம். ஸ்வநிதி திட்டம் 10,000 ரூபாய் முதல் கடனோடு தொடங்கியது. 2025இல் அந்த முதல் தவணை 15,000 ஆக உயர்த்தப்பட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் கடன் கொடுத்தால் சரக்கு வரும், வாடிக்கையாளர் வர மாட்டார். அவர் குடும்பத்தோடு சாயங்காலம் கிளம்பி வர வேண்டும்.

இடத்துக்கும் இதில் பங்கு உண்டு. மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் புதுமண்டபம், திருமலை நாயக்கர் காலத்தில் 17ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அதன் தூண்களுக்கு நடுவே தையல்காரர்கள், பாத்திரக் கடைகள், வளையல் கடைகள், புத்தகக் கடைகள் இருந்தன. அழகர் திருவிழாவுக்குப் பிள்ளைகளுக்கு வேஷத்துணி தைக்கப் பெற்றோர் அங்கேதான் போவார்கள். 2018 பிப்ரவரியில் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்ததைத் தொடர்ந்து, கோயிலையொட்டி இப்படிக் கடைகள் இருக்கலாமா என்ற கேள்வி வலுத்தது. பிறகு புதுமண்டபக் கடைகள் பக்கத்தில் உள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. சிற்பங்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் நடந்து போகும் வழியில் கண்ணில் பட்ட கடை வேறு, விலாசம் விசாரித்துப் படியேறிப் போக வேண்டிய கடை வேறு. சின்னக் கடைக்கு விளம்பரமே அதன் வாசல்தான்.

குறைகளையும் சொல்லத்தானே வேண்டும்?

சின்னக் கடைகள் என்றால் எல்லாம் சொக்கத் தங்கம் என்று எழுதினால் அது பொய். கழிப்பறை இல்லை. கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு உட்கார ஒரு ஸ்டூல் இல்லை. "எடுத்த துணி திருப்பி வாங்கப்பட மாட்டாது" என்று போர்டு மட்டும் பெரிசாக இருக்கும். பில் கேட்டால் முறைப்பார்கள். ஆளைப் பார்த்து விலை சொல்வார்கள். பேரம் பேசத் தெரிந்த பாட்டிக்கு ஒரு விலை, கூச்ச சுபாவக்காரருக்கு ஒரு விலை. சக்கர நாற்காலியில் வரும் ஒரு பிள்ளையை மாசி வீதிக் கூட்டத்தில் அழைத்துப் போகவே முடியாது. வாரத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடைக்கும் தாய், ஒரே கூரையின் கீழ் எல்லாவற்றையும் முடிக்க நினைத்தால் அதைக் குற்றம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

வரி பற்றியும் ஒரு வார்த்தை. பொருள் விற்கும் கடையின் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம் இல்லை. அதாவது ஒரு நாளைக்குச் சுமார் 11,000 ரூபாய் வியாபாரம். பதிவு இல்லாத கடையும் சமாதானத் திட்டத்தில் உள்ள கடையும் வாடிக்கையாளரிடம் தனியாக ஜி.எஸ்.டி. வசூலிக்கக் கூடாது. யாராவது துண்டுச் சீட்டில் எழுதி வரி கேட்டால் கேள்வி கேளுங்கள். ஆனால் வரி இல்லை என்பது பில் தராமல் இருக்கக் காரணம் ஆகாது. தேதியும் பொருளும் விலையும் எழுதிய சாதாரணச் சீட்டு போதும், வாடிக்கையாளருக்கு நம்பிக்கை வந்துவிடும்.

பொம்மைக் கடைகளில் இந்த எச்சரிக்கை இன்னும் அதிகம் தேவை. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முறையாகப் பதிவு செய்த கைவினைக் கலைஞர்களின் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை அப்படிக் குறியீடு பெற்றது. ஆக, தெருவோரத்தில் பொம்மை வாங்கும்போது பெயிண்ட் உதிர்கிறதா, சின்னப் பாகம் கழன்று வாயில் போகுமா என்று பார்த்து வாங்குவது கடைக்காரரை அவமதிப்பது ஆகாது. அதுவும் பிள்ளைக்கு ஒரு பாடம்.

பெரிய கடை வில்லனா?

இல்லை. தமிழ்நாட்டின் பெரிய ஜவுளிக் கடைகள் பலவும் ஒரு காலத்தில் சின்னக் கடைகளாக இருந்தவைதான். மொத்தமாக வாங்குவதால் விலை குறைகிறது, குறைந்த விலையில் ஏழைப் பிள்ளைக்கும் புதுச்சட்டை கிடைக்கிறது. இதை மறுக்க முடியாது. ஆனால் அந்த மலிவு விலையில் யாருடைய கால்வலி சேர்ந்திருக்கிறது என்பதை 2010இல் வந்த 'அங்காடித் தெரு' படம் ஊருக்கே காட்டியது. அதற்கும் பதினோரு வருஷம் கழித்து, 2021இல்தான், கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் திருத்தப்பட்டது. மனிதர் உட்காருவதற்குக்கூடச் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது! அடுத்த முறை பெரிய கடைக்குப் போகும்போது, விற்பனைப் பெண்ணுக்கு ஒரு நாற்காலி இருக்கிறதா என்று பிள்ளையிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்போ என்னதான் செய்வது?

எல்லாவற்றையும் சின்னக் கடையிலேயே வாங்குங்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. இவ்வளவு செய்தால் போதும்:

1. தீபாவளிக்கு ஒரு பிள்ளைக்கு இரண்டு உடை என்றால், ஒன்றாவது தெரிந்த சின்னக் கடையில். முடிந்தால் பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே, வார நாளில். கூட்டமும் இருக்காது, கடைக்காரருக்கு வட்டியும் ஏறாது.

2. பிள்ளை கையில் 100 ரூபாயைத் தாளாகக் கொடுங்கள். அட்டையாகவோ போன் ஸ்கேனாகவோ வேண்டாம். வளையல், பம்பரம், கலர் பென்சில், என்ன வேண்டுமானாலும் அதுவே கேட்டு, அதுவே விலை பேசி, அதுவே மீதிச் சில்லறையை எண்ணி வாங்கட்டும். ஏமாந்தாலும் பரவாயில்லை. நூறு ரூபாயில் ஏமாந்து பழகினால் பின்னால் லட்சத்தில் ஏமாறாது.

3. பேரம் பேசுங்கள், ஆனால் ஆள் பார்த்துப் பேசுங்கள். ஜிகர்தண்டாவுக்குக் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, பூ விற்கும் ஆத்தாவிடம் அஞ்சு ரூபாய்க்கு மல்லுக்கட்டுவதைப் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

4. கடைக்காரர்களுக்கும் ஒன்று. பில் சீட்டு, சைஸ் மாற்றித் தரும் மூன்று நாள் அவகாசம், உட்கார ஒரு ஸ்டூல், குடிக்கத் தண்ணீர். நாலும் சேர்ந்து பெரிய செலவு ஆகாது.

சின்னக் கடைகள் இல்லாமல் போனாலும் சட்டைகள் கிடைக்கும். பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வராது என்றுகூடத் தோன்றும். ஆனால் எதிரில் ஒரு மனிதர் நின்று, அவர் முகத்தைப் பார்த்து, "எம்புட்டுண்ணே?" என்று கேட்டுப் பழகாத பிள்ளை, பொருளுக்குப் பின்னால் ஆள் இருக்கிறார் என்பதை எங்கே போய்த் தெரிந்துகொள்ளும்? நாளைக்கு அதே பிள்ளைதான் ஒரு கடையை நடத்தும், ஒரு கம்பெனியில் விலை நிர்ணயிக்கும், நாலு பேருக்குச் சம்பளம் போடும். அன்றைக்கு அசல், லாபம் என்ற இரண்டு சொற்களுக்கு நடுவில் ஒரு குடும்பம் இருப்பது அதன் ஞாபகத்துக்கு வர வேண்டுமானால், இந்த வருஷம் அதைக் கையைப் பிடித்து மாசி வீதிக்குக் கூட்டிப் போக வேண்டும். கார் நிறுத்த இடம் கிடைக்காதுதான். பஸ்ஸில் போகலாமே!