ஜெர்மன் தெரியாதா? பரவாயில்லை!

நுங்கம்பாக்கம் ரட்லண்ட் கேட் பகுதியில் இருக்கும் மேக்ஸ்முல்லர் பவன், பலருக்கும் ஜெர்மன் வகுப்பு நடக்கும் இடம் மட்டும்தான். ஓவியக் கண்காட்சி, சினிமா எல்லாமும் உண்டு. (மேக்ஸ்முல்லர் இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை என்பது தனிக்கதை!)

அடுத்த நிகழ்ச்சிப் பட்டியலில் பழைய மௌனப் படம் ஏதாவது இருந்தால் விட்டுவிடாதீர்கள். ஃப்ரிட்ஸ் லாங் இயக்கிய 'மெட்ரோபோலிஸ்' 1927-ல் வெளியான சில மாதங்களிலேயே வெட்டிக் குறைக்கப்பட்டது. வெட்டிய காட்சிகள் தொலைந்தே போயின என்றிருந்தபோது, 2008-ல் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் சினிமா அருங்காட்சியகத்தில் ஒரு பிரதி கிடைத்தது. ஒரே கீறல்மயம்! செல்போனில் பார்த்தால் எரிச்சல்தான் வரும். பெரிய திரையில் அந்தக் கீறலையும் மறந்து படத்தில் மூழ்கிவிடலாம். தேதி, நேரத்தை அவர்கள் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.