பிரேக்கில் மிச்சம் பிடிக்கலாமா?

வியாபாரிகளாகிய நமக்கு மிச்சம் பிடிக்கும் புத்தி கூடவே பிறந்தது. சரக்கு வந்த சாக்கை மடித்து வைத்து விற்கிறோம். பெட்டி கட்டிய கயிற்றைக்கூட எறிவதில்லை. அதில் குற்றமில்லை. ஆனால் எதில் மிச்சம் பிடிப்பது, எதில் கை வைக்கக் கூடாது என்று பிரித்தறியாதவன் நெடுநாள் கடை நடத்த முடியாது. இந்த வாரம் அதைப் பற்றி எழுத வைத்தது என் காரின் பின் சக்கரம்.

உடப்புசல்லாவையில் கடை வைத்திருப்பவனுக்குக் கார் சொகுசுப் பொருள் அல்ல. நுவரெலியாவுக்கும் வெலிமடைக்கும் அதில்தான் போய் வர வேண்டும். சின்னச் சரக்கும் அதில்தான், குடும்பமும் அதில்தான். ஒரு மழை நாள் மாலை இராகலைப் பக்கமிருந்து திரும்பும்போது கருகிய வாடை வந்தது. கடை வாசலில் நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையை நீட்டிப் பார்த்தேன். மூன்று சக்கரங்களில் வெதுவெதுப்பு. இடது பின் சக்கரத்தின் அருகில் கை வைக்க முடியவில்லை.

கராஜில் காட்டினேன். "பின் கெலிபர் ரெண்டும் மாத்தணும்" என்றார்கள். சொன்ன விலை என் கடையின் ஒரு மாத வாடகையைவிட அதிகம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

நம்மில் பலருக்கு இதே நிலைதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் 200 ரூபா அளவில் நின்ற டொலர் சில வாரங்களில் 360ஐத் தொட்டது. வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் கதவு திறந்தது. ஆனால் வரியோடு சேர்ந்த புது விலை சிறு வியாபாரிக்கு எட்டவில்லை. கையில் இருக்கும் பழைய வாகனத்தைப் பழுது பார்த்து ஓட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. எனவே பழுது பார்ப்பதா வேண்டாமா என்பது பேச்சல்ல. எப்படிப் பார்ப்பது என்பதே பேச்சு.

ஒரு ரப்பர் வளையத்தின் வேலை

சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இரு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும் கவ்விதான் கெலிபர். பிரேக்கை மிதித்தால் ஒயிலின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பேட்டைத் தள்ளுகிறது. காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னால் இழுப்பது எது? ஸ்பிரிங் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள, சதுர விளிம்பு கொண்ட ஒரு ரப்பர் சீல்தான் அந்த வேலையைச் செய்கிறது. பிஸ்டன் நகரும்போது அது சற்று முறுகும். அழுத்தம் நின்றதும் பழைய நிலைக்குத் திரும்பி, பிஸ்டனையும் மயிரிழை அளவு இழுத்துக்கொள்ளும். அந்த ரப்பர் கெட்டால், அல்லது பிஸ்டன் துருப்பிடித்தால், பேட் டிஸ்க்கைவிட்டு விலகாது. உரசிக்கொண்டே ஓடும். என் சக்கரம் சுட்டது அதனால்தான்.

பின் கெலிபருக்குப் பல கார்களில் இன்னொரு பொறுப்பும் உண்டு. ஹேண்ட்பிரேக்கின் திருகும் அதற்குள்ளேயே இருக்கும். நம் ஊரில் சமதரை அபூர்வம். எங்கே நிறுத்தினாலும் ஹேண்ட்பிரேக்கை இழுக்கிறோம். மேலே பனி, மழை, சேறு. வெளி ரப்பர் உறையில் ஒரு சிறு கிழிசல் விழுந்தால் போதும், ஈரம் உள்ளே புகுந்துவிடும்.

ஆகவே பெரும்பாலும் கெடுவது இரும்பல்ல, ரப்பர். அந்த ரப்பர்களை மட்டும் கிட் என்று தனியாக விற்கிறார்கள். முழுக் கெலிபரின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. கராஜில் அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பஞ்சிகாவத்தையில் கேட்ட கேள்வி

ஊரில் கிட் கிடைக்கவில்லை. கொழும்புக்குப் போன நாளில் பஞ்சிகாவத்தையில் ஏறி இறங்கினேன். ஒரு கடையில் இரண்டு விதமான கிட் இருந்தன. நான் மலிவானதைக் கையில் எடுத்தேன். வழக்கமான வியாபாரப் புத்தி! கடைக்காரர் கேட்டார்:

"எங்க ஓடுற வாகனம் நானா?"

"உடப்புசல்லாவ."

"அப்ப அத வச்சிடுங்க. அது கொப்பி. ரப்பர் எத்தன நாளைக்கு நிக்கும்னு எனக்கே தெரியா. மலையில ஓடுறவருக்கு நான் அத தர மாட்டன்."

மற்றதையே வாங்கினேன். விலை இரண்டரை மடங்கு. அப்படியும் சிறு தொகைதான். அவர் பேசாமல் இருந்திருந்தால் மலிவானது விற்றிருக்கும், லாபமும் வந்திருக்கும். எனக்குத் தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது. அதன் பிறகு எங்கள் பகுதியிலிருந்து ஐந்தாறு பேரை அந்தக் கடைக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு பத்திரிகை விளம்பரத்தில் அவருக்கு இது கிடைத்திருக்குமா?

வீட்டு முற்றத்தில்

மகனும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கினோம். பின் சக்கரத்தில் வேலை செய்யும்போது ஹேண்ட்பிரேக்கை விடுவிக்க வேண்டும். ஆகவே இருப்பதிலேயே சமமான இடத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கல் வைத்தோம். ஜேக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டிலும் ஏற்றினோம்.

இந்தப் பிஸ்டன் இழுத்தால் வராது, திருகித்தான் எடுக்க வேண்டும். எடுத்ததும் நகத்தால் தடவிப் பார்த்தோம். இடது பிஸ்டனில் நகம் இடறும் அளவுக்குத் துருக்குழி. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கலாம் என்றான் மகன். பளபளக்கும், ஆனால் குழி போகாது. புது ரப்பரை அது தின்றுவிடும். புதுப் பிஸ்டனுக்குச் சொல்லி அனுப்பினோம். அது வரும்வரை நான்கு நாள் கார் கல்லின் மேல் நின்றது. உள்ளே ஹேண்ட்பிரேக் திருகு இலகுவாக அசைந்தது. அதைக் கழற்றத் தனிக் கருவி வேண்டும் என்பதால் தொடவில்லை. அது இறுகியிருந்தால் மறுபேச்சின்றி முழுக் கெலிபரே வாங்கியிருப்பேன்.

கழுவுவதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். மண்ணெண்ணெய், பெற்றோல், எஞ்சின் ஒயில் ஒன்றும் இந்த ரப்பரில் படக்கூடாது; ஊதிவிடும். பிரேக் கிளீனரும் புது பிரேக் ஒயிலும்தான். பூசுவதற்கும் பிரேக் ரப்பருக்கென்றே உள்ள கிறீஸ்தான்.

எல்லாம் பூட்டிக் காற்று எடுக்க உட்கார்ந்தோம். மகன் மிதிக்க நான் நிப்பிளைத் திறந்து மூட, ஒரு போத்தல் ஒயில் தீர்ந்தது. பெடல் மட்டும் பஞ்சு மூட்டை மாதிரியே அமுங்கியது. வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், தோட்டத்து லொறி ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர்.

"மொதலாளி, காத்து மேல போகுமா, கீழ போகுமா?"

"மேலதான்."

"நிப்பிளு கீழ இருக்கே. அப்புறம் காத்து எப்படி வெளிய வரும்? எடதும் வலதும் மாறிப் போச்சி."

இரண்டையும் ஒரே பேசினில் கழுவியதால் வந்த வினை. ஹேண்ட்பிரேக் கேபிளை முதலில் மாட்டியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். கடைசியில் மாட்டலாம் என்று விட்டிருந்தோம். மாற்றிப் பூட்டினோம். பெடல் கல்லாக நின்றது. வெட்கப்பட்டாலும் எழுதுகிறேன்: அந்தப் பெரியவர் அன்று அங்கே இல்லாவிட்டால், காற்று இருந்தபடியே "பரவாயில்லை, ஓடும்" என்று எடுத்துப் போயிருப்பேனோ என்று இன்றும் நினைக்கிறேன்.

திறந்த டின்

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 3 ஒயிலின் கொதிநிலை 205 பாகை செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்பது தரம். ஈரம் சேர்ந்தபின் அந்த எல்லை 140 பாகைதான். டொட் 4க்கு இது 230, 155. நீண்ட இறக்கத்தில் பிரேக்கிலேயே கால் வைத்து வந்தால் சூடு ஏறும். ஒயில் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், பெடல் அடியோடு போகும். நம் பாதைகளில் இறக்கங்களுக்கா பஞ்சம்?

அப்படியிருக்க, திறந்த டின்னை மாதக்கணக்கில் தட்டில் வைத்துப் போத்தலில் ஊற்றி விற்கும் கடைகள் நம்மிடையே உண்டு. கெட்ட எண்ணம் இல்லை, அதுவும் மிச்சம் பிடிக்கும் பழக்கம்தான். சிறிய டின்னாக வாங்கி மூடியபடி விற்றால் லாபம் சற்றுக் குறையும். அவ்வளவுதான்.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்லையில் மாணவர்களை ஏற்றிச் சென்ற பஸ் வானோடும் முச்சக்கர வண்டியோடும் மோதி 7 பேர் உயிரிழந்தார்கள். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். காரணம் எதுவாக இருந்தாலும், அந்த வாரங்களில் நாங்கள் எல்லோரும் பிரேக்கைப் பற்றியே பேசினோம். அடுத்த மாதம் மறந்துவிட்டோம்.

கணக்கு

பிரேக்கை வீட்டில் தொடவே கூடாது என்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. ஆனால் கராஜில் கொடுத்துவிட்டால் மட்டும் ஒயிலும் ரப்பரும் தானாக நல்லதாகிவிடாது. கேட்கத் தெரிந்தவனுக்குத்தான் நல்லது கிடைக்கும்.

என் கணக்கைச் சொல்கிறேன். கிட், பிஸ்டன், இரண்டு போத்தல் ஒயில், இரண்டு நாள் உழைப்பு, நான்கு நாள் கார் இல்லாத சிரமம். உழைப்பை இனாம் என்று எழுதினால் அது கள்ளக் கணக்கு. அதையும் சேர்த்துத்தான் பார்த்தேன். அப்படியும் கராஜ் சொன்ன தொகையில் பாதிக்குக் கீழேதான் வந்தது.

அத்துடன் நிறுத்தவில்லை. எஞ்சினை இயக்கி, பெடலை அழுத்திப் பிடித்து, கசிவு உண்டா என்று பார்த்தோம். முதலில் நடை வேகத்தில், பிறகு சிறு இறக்கத்தில் ஓட்டிச் சக்கரத்தின் சூட்டைப் பார்த்தோம். பிறகு வேறொரு கராஜுக்குப் போய், "நாங்களே செய்தது, சோதித்துச் சொல்லுங்கள்" என்று கூலி கொடுத்துச் சோதித்தோம். அதன் பிறகுதான் பிள்ளைகளை ஏற்றினேன்.

கூலியில் மிச்சம் பிடிக்கலாம், அது நம் வியர்வை. சாமானிலும் சோதனையிலும் மிச்சம் பிடிக்கக் கூடாது, அது அடுத்தவர் உயிர். உதிரிப்பாகம் விற்கும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். முழுக் கெலிபரோடு கிட்டையும் வாங்கி வையுங்கள். கொப்பியைக் கொப்பி என்று சொல்லி விற்றுவிடுங்கள். வாகனம் எங்கே ஓடுகிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பஞ்சிகாவத்தையில் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு அதற்குச் செலவானது அரை நிமிடம்.