பார்க்கிறதுக்கும் காசு கொடுங்க

"வண்டி மிஸ் அடிக்குது"ன்னா நெல்லியாளம் பக்கம் சின்னப் பையனுக்கும் புரியும். நாலு சிலிண்டரில் ஒண்ணு எரியல, மிச்சம் மூணு இழுக்குது. சமவெளியில் இதை வச்சு ஒப்பேத்தலாம். இங்கே சமவெளிக்கு எங்கே போறது?

என்னுடையது பழைய டீசல் பிக்கப். சென்சாரும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது. ஆடி மழையில் கொழுந்து மூட்டையோடு ஏற்றத்தில் குலுங்கி, வெள்ளைப் புகை தள்ளி நின்னுது. பறிச்ச கொழுந்து மூட்டைக்குள்ளேயே அடைஞ்சு கிடந்தா சூடேறிச் சிவந்துடும். அப்புறம் அது தேயிலை இல்லை, குப்பை. அன்றைய பறிப்புக் கூலி மட்டும் கையை விட்டுப் போகும்.

டவுனில் ஒரு பட்டறைக்காரர் பேனட்டைத் திறந்தார், ரெண்டு தடவை ஆக்சிலேட்டரை முறுக்கினார், "பம்ப்பை இறக்கணும், நாலு நாசிலும் மாத்தணும், 22,000 ஆகும்" என்றார். அஞ்சு நிமிஷம்கூட ஆகல. கோயம்புத்தூர் நண்பருக்குப் போன் போட்டால் அவர் அதுக்கும் மேலே: "வித்துட்டுப் புதுசு எடுங்க." ரெண்டு பேரும் என்ன கோளாறுன்னு கேட்கவே இல்லை. எனக்கு எரிச்சல் அங்கேதான்.

லைனில் பழைய லாரி டிரைவர் அண்ணன் ஒருத்தர் இருக்கார். "தம்பி, முதல்ல காதைக் குடு" என்றார். மிஸ் ஒரே தாளத்தில் வந்தா ஏதோ ஒரு சிலிண்டர்தான். அங்கொண்ணு இங்கொண்ணா வந்தா டீசலில் காத்தோ தண்ணியோ. என்னுடையது தாளம் தப்பாம அடிச்சது. ஆனாலும் ஃபில்டர் அடியில் திருகைத் தளர்த்திப் பார்த்தார். அரை டம்ளர் தண்ணி வந்தது! அதை வடிச்சு, கை பம்ப்பால் காத்தை எடுத்த பிறகும் மிஸ் போகல.

அப்புறம் வண்டியை ஐடிலில் விட்டு, நாசிலுக்குப் போகும் பைப் நட்டை ஒவ்வொண்ணா அரைச் சுத்து தளர்த்தினார். ஒண்ணு, ரெண்டு, நாலு தளர்த்தும்போது இன்ஜின் திணறுச்சு. மூணைத் தளர்த்தினப்போ ஒரு மாற்றமும் இல்லை. செத்தது அதுதான். மூணு நாசிலையும் ரெண்டு நாசிலையும் இடம் மாத்திப் போட்டோம், புது காப்பர் வாஷரோடு. மிஸ் ரெண்டுக்குத் தாவிடுச்சு. நாசில் கூடவே கோளாறும் போனா பம்ப் நல்லாயிருக்கு, வால்வும் கம்ப்ரஷனும் நல்லாயிருக்குன்னு அர்த்தம். கோளாறு மூணிலேயே நின்னிருந்தா பட்டறைக்காரர் சொன்னதை யோசிச்சிருப்பேன்.

(நட்டு பக்கம் கையோ முகமோ கொண்டு போகாதீங்க, பீச்சுற டீசல் தோலுக்குள்ளேயே ஏறிடும். காமன் ரயில் வண்டியில் இதைச் செய்யவே கூடாது. அதில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும்.)

ஒரே ஒரு நாசில். டெஸ்ட் பெஞ்சில் போட்டப்போ தூவுறதுக்குப் பதில் சொட்டிக்கிட்டிருந்தது. தண்ணி அரிச்சிருக்கு. அந்தத் தண்ணி எப்படி வந்துச்சு? டாங்க் மூடி வாஷர் கிழிஞ்சு ரெண்டு மழைக்காலம் ஆச்சு. பட்டறைக்காரர் சொன்னபடி நாலு நாசிலையும் மாத்தியிருந்தா, அடுத்த ஆடிக்குள்ளே புது நாசிலும் அரிச்சுப் போயிருக்கும்.

ஆனா அந்தப் பட்டறைக்காரரை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? அவர் ஒரு மணி நேரம் காது கொடுத்துக் கேட்டு, "உங்க பம்ப் நல்லாயிருக்கு, மூடி வாஷர் மாத்துங்க"ன்னு சொல்லியிருந்தா நான் எவ்வளவு கொடுத்திருப்பேன்? "சும்மா பார்த்ததுக்கு என்னங்க காசு"ன்னு கிளம்பியிருப்பேன். கிளம்பியிருக்கேன், பல தடவை. சாமான் மாத்தினாதான் கூலின்னு பழக்கினது நாமதான். அப்புறம் அவர் சாமான் மாத்தாம என்ன செய்வார்? சிட்டியில் உங்க வாஷிங் மெஷினுக்கும் இதே கதைதானே, "பலகை போச்சு சார்" என்பதோடு முடியுது.

அண்ணனிடம் 500 ரூபாய் நீட்டினேன். "நான் எதையும் மாத்தலையே தம்பி" என்று கையைப் பின்னால் கட்டிக்கிட்டார். சட்டைப்பையில் திணிச்சுட்டு வந்தேன். மறுநாள் காலையில் அதே ஏற்றத்தில் எட்டு மூட்டையோடு செகண்ட் கியரில் ஏறிச்சு.