நகரங்களின் மறுப்பும் மக்களின் அரணும்

குடியேறிய உழைப்பாளர்கள் மீது டிரம்ப் நிர்வாகம் கட்டவிழ்த்துவிட்டுள்ள வேட்டை, அமெரிக்க நகரங்களைப் போர்க்களங்களாக மாற்றியுள்ளது. முகமூடி அணிந்த குடியேற்ற அமலாக்கத்துறையினர் கார் கழுவும் நிலையங்களிலும், தினக்கூலிகள் வேலைக்குக் காத்து நிற்கும் இடங்களிலும் புகுந்து தொழிலாளர்களை இழுத்துச் செல்கின்றனர். பள்ளி, தேவாலயம், மருத்துவமனை ஆகியவற்றில் இத்தகைய கைதுகளைத் தவிர்க்கும் வழிகாட்டுதலும் 2025 ஜனவரியில் ரத்து செய்யப்பட்டது. 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸ் மக்கள் எதிர்த்து நின்றபோது, மாநில ஆளுநரின் ஒப்புதலின்றியே தேசியக் காவல் படை ஏவப்பட்டது. தொழிற்சங்கத் தலைவர் டேவிட் ஹுயெர்ட்டா கைது செய்யப்பட்டார். அடுத்த மாதமே, ஏழைகளின் மருத்துவ உதவித் திட்டமான மெடிக்கெய்டை வெட்டிய அதே சட்டத்தின் மூலம், இந்த வேட்டைக்குச் சுமார் 17,000 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது.

இவ்வளவு பணமும் படையும் இருந்தும், உள்ளூர்க் காவலர், உள்ளூர்ச் சிறை, உள்ளூர் ஆவணங்கள் ஆகியவற்றின் துணையின்றி இந்த எந்திரம் தான் விரும்பும் வேகத்தில் ஓட முடியாது. அந்தத் துணையை மறுக்கும் உரிமை மாநிலங்களுக்கும் நகரங்களுக்கும் உண்டு. மாநில, உள்ளூர் அதிகாரிகளைத் தன் ஏவலாட்களாக்க மத்திய அரசுக்கு அதிகாரமில்லை என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1997இலேயே தீர்ப்பளித்துள்ளது.

சிகாகோ நகரம் இந்த உரிமையைப் பயன்படுத்துகிறது. 1985இல் மேயர் ஹரால்ட் வாஷிங்டன் தொடங்கிவைத்த கொள்கை, பின்னர் நகரச் சட்டமாகவே ஆனது. அதை எதிர்த்து டிரம்ப் நிர்வாகம் தொடுத்த வழக்கை 2025 ஜூலையில் கூட்டாட்சி நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆசிரியர் சங்க ஊழியராக இருந்து மேயரான பிராண்டன் ஜான்சன், நகரத்துக்குச் சொந்தமான வாகன நிறுத்துமிடங்களையும் காலி மனைகளையும் இந்த வேட்டைக்குத் தளமாகப் பயன்படுத்த அக்டோபரில் தடை விதித்தார்.

ஆனால் நகராட்சியின் கை எட்டும் தூரம் குறைவு. தெருவில் நடக்கும் கைதை மேயரின் ஆணை தடுத்துவிடாது. அந்த இடைவெளியை நிரப்புவது அமைப்பாகத் திரண்ட மக்களே. விசில் ஊதி அண்டை அயலாரை எச்சரிப்பது, கைதுகளைப் படம்பிடித்துச் சாட்சியாக்குவது, குழந்தைகளைப் பள்ளிக்குத் துணைநின்று அழைத்துச் செல்வது, வெளியே வர அஞ்சும் குடும்பங்களுக்கு உணவு சேர்ப்பது எனப் பணிகளைப் பகிர்ந்துகொண்டனர். நீதிபதி கையெழுத்திட்ட ஆணையின்றி வீட்டுக் கதவைத் திறக்க வேண்டியதில்லை என்பதை வீடு வீடாகச் சொல்லிக்கொடுத்தனர். குடியேற்ற வழக்குகளில் அரசு செலவில் வழக்கறிஞர் பெறும் உரிமை கிடையாது. ஆகவே சட்ட உதவிக்கு நகராட்சி ஒதுக்கும் ஒவ்வொரு டாலரும் ஒரு குடும்பம் சிதையாமல் காக்க உதவும்.

இந்தியாவுக்கும் இதில் பாடம் உண்டு. 2025 பிப்ரவரி 5 அன்று 104 இந்தியர்கள் விலங்கிடப்பட்டு ராணுவ விமானத்தில் அமிர்தசரஸில் இறக்கப்பட்டனர். இது 2012 முதல் உள்ள நடைமுறையே என நாடாளுமன்றத்தில் விளக்கம் தந்தது மோடி அரசு. அதே அரசின் கீழ், வங்காள மொழி பேசும் புலம்பெயர் தொழிலாளர்கள் ‘வங்கதேசத்தவர்’ என முத்திரை குத்தப்பட்டுப் பிடித்து வைக்கப்படுகின்றனர். இந்தியக் குடிமக்களே எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டு, பின்னர் மீட்டு வரப்பட்ட கொடுமையும் நிகழ்ந்தது. வாஷிங்டனில் மண்டியிடுவோர் உள்நாட்டு ஏழைகளிடம் வீரம் காட்டுகின்றனர்.

புலம்பெயர்ந்தவரை உள்ளூர்த் தொழிலாளிக்குப் பகையாகக் காட்டுவதே மூலதனத்தின் பழைய தந்திரம். அச்சத்தில் வாழும் தொழிலாளியால் கூலி உயர்வு கேட்க முடியாது. அதனால் அனைவரின் கூலியும் சரிகிறது. ஆகவே புலம்பெயர் தொழிலாளர்களைச் சங்கங்களில் இணைப்பதும், ஊராட்சியும் நகராட்சியும் மாநில அரசுகளும் அவர்களுக்கு அரணாக நிற்கச் செய்வதும் தொழிலாளி வர்க்கத்தின் அவசரக் கடமையாகும்.