ஆட்சி ஒருவன் கையில், நாற்காலி இன்னொருவனுக்கு!

ஒரு நாட்டின் அரசை இன்னொரு நாடு அங்கீகரிக்க மறுப்பது ஏன்? கொள்கை என்பார்கள் ராஜதந்திரிகள். தோழர்களே, அந்தக் கொள்கையின் யோக்கியதையைக் கம்போடியாவில் பார்ப்போம்.

1975 ஏப்ரல் 17-ல் போல் பாட்டின் கெமர் ரூஜ் படை தலைநகர் புனோம் பென்னைப் பிடித்தது. நாலு வருஷத்துக்குள் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் சுமார் 17 லட்சம் பேர் மாண்டனர். 1979 ஜனவரி 7-ல் வியட்நாம் படை அந்த ஆட்சியை விரட்டியது. ஹெங் சாம்ரின் தலைமையில் புது அரசு அமைந்தது. போல் பாட் கூட்டம் தாய்லாந்து எல்லைக் காட்டுக்கு ஓடியது.

ஐ.நா. சபையில் நாற்காலி யாருக்கு? அந்தச் செப்டம்பரில் வாக்கெடுத்தார்கள். போல் பாட் தரப்புக்கு 71, எதிராக 35, நடுநிலை 34. வண்டியை விட்டு இறக்கப்பட்டவன் போட்ட துண்டுக்கு இடம் உண்டு. உள்ளே நிற்பவனுக்கு இல்லை!

அந்நியப் படை அமர்த்திய அரசை ஏற்றால் நாளை எந்தச் சிறு நாட்டுக்குப் பாதுகாப்பு என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, நாம் அதை ஏளனம் செய்யவில்லை. ஆனால் அதே மாதம் ஹவானாவில் கூடிய அணிசேரா நாடுகள் கம்போடியாவின் இடத்தைக் காலியாக விட்டன. ஐ.நா.விலும் அப்படி விட்டிருக்கலாமே! விடவில்லை. சீனாவுக்கு வியட்நாமை மடக்க வேண்டும். அமெரிக்காவுக்கு வியட்நாமின் பின்னால் நின்ற சோவியத் யூனியனை மடக்க வேண்டும். கொலைகாரன் அவர்களுக்குப் பகடைக்காய். 1982-ல் சிஹானுக்கைத் தலைவராக்கி, அதே கூட்டத்துக்குக் கூட்டணி முகமூடி மாட்டினார்கள்.

விலை கொடுத்தவர் யார்? கம்போடியக் குடியானவர்! அவசர நிவாரணம் போனது. நாட்டைக் கட்ட ஐ.நா.வின் வளர்ச்சி உதவி போகவில்லை. ஊர் விட்டு ஊர் வந்து, ரேஷன் கார்டு இல்லாமல் கடை வாசலில் நின்ற நமக்கு இது புரியாதா? வயிறு இருக்கிறது, காகிதத்தில் பெயர் இல்லை!

1980 ஜூலையில் இந்திரா காந்தி அரசு ஹெங் சாம்ரின் அரசை அங்கீகரித்தது. அதிலும் மாஸ்கோ நட்பின் கணக்கு இருந்தது, மறைக்க வேண்டாம். ஆயினும் கதவு திறந்தது. 1986 முதல் நம் தொல்லியல் துறையினர் அங்கோர் வாட் கோயிலைச் செப்பனிட்டனர்.

1989-ல் வியட்நாம் படை வெளியேறியது. 1991 அக்டோபர் 23-ல்தான் பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது. பன்னிரண்டு வருஷம் ஒரு நாட்டைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தினார்கள்.

எனவே, எந்த அரசையாவது அங்கீகரிக்க மாட்டோம் என்று பத்திரிகையில் படித்தால் நாம் இரண்டு கேள்வி கேட்போம்: இதனால் யாருக்கு லாபம்? அங்கே யார் வீட்டு அடுப்பு அணைகிறது?